ஏழாவது மாடிப் படிக்கட்டு: சிங்கப்பூரிலிருந்து சிறுவர் மாயக்கதை எழுதுவது எப்படி

சிறுவர்களுக்கு மாயக்கதை எழுத உட்காருபவர்களில் பலர் முதல் பக்கத்திலேயே ஒரு கோட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அதைச் சுற்றிப் பனி பெய்கிறது, தொலைவில் ஓநாய் ஊளையிடுகிறது, நாயகனின் பெயரையோ ஒரு தமிழ்ப் பிள்ளையால் ஒரே மூச்சில் சொல்ல முடிவதில்லை. நண்பர்கள் என்னிடம் படிக்கக் கொடுத்த கைப்பிரதிகளில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. எழுதியவர்கள் எல்லாரும் தமிழை நேசிப்பவர்கள்தாம். ஆனால் ஈசூனிலும் பொங்கோலிலும் வளரும் பிள்ளைக்குப் பனியும் ஓநாயும் ஏற்கெனவே ஆங்கிலத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. அவற்றையே தமிழில் கொடுத்தால், வேறு யாருக்கோ எழுதியதைத் தனக்கு மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார்கள் என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். இந்த ஊரிலிருந்து, தமிழில் மட்டுமே வரக்கூடிய மாயம் ஒன்று இருக்கிறது. அதை எங்கே தேடுவது, எப்படி எழுதுவது, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அதற்கு எப்படி நேரம் கண்டுபிடிப்பது என்று நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கதை கிடைக்கும் இடம்

நான் வளர்ந்தது தோ பாயோவில், எட்டாவது மாடியில். அந்தக் காலத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிப் புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் முதல் தளம், ஆறாவது மாடி, பதினொன்றாவது மாடி ஆகிய மூன்றில் மட்டும் நிற்கும். தேக்கா சந்தையிலிருந்து மீனும் முருங்கைக்காயும் வாங்கிவரும் அப்பாயி ஆறாவது மாடியில் இறங்கி, மீதி இரண்டு மாடிகளைப் படியேறித்தான் கடக்க வேண்டும். ஏழாவது மாடித் திருப்பத்தில் அவருக்கு மூச்சு வாங்கும். பையைக் கீழே வைத்து, மூன்றாவது படியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க விட்டேன்?" என்று என்னைக் கேட்பார். முந்தைய முறை அதே படியில் நிறுத்திய கதை அங்கிருந்து தொடரும். அரக்கன் குகைக்குள் கால் வைக்கும் நேரத்தில் எழுந்துவிடுவார். மீன் கெட்டுப்போகும் என்பது அவர் சொல்லும் காரணம். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்தினர் மிளகாய்ச் சம்பல் வதக்கும் நெடியும், எதிர்வீட்டு வாசலில் செருகியிருந்த ஊதுபத்தியின் புகையும், ஈரப் பையிலிருந்து வந்த மீன்வாடையும் அந்தப் படிக்கட்டில் ஒன்றாகக் கலந்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து நான் எழுதத் தொடங்கியபோது, எனக்கு முதலில் வந்தது அந்த நெடிதான். கதை அதன் பின்னால் வந்தது.

ஆகையால் முதலில் நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு தாளை எடுத்து, பத்து வயதுக்குள் நீங்கள் காத்திருந்த, ஒளிந்திருந்த, அல்லது "அங்கே போகாதே" என்று தடுக்கப்பட்ட இடங்களை எழுதுங்கள். குப்பை விழும் குழாயின் மூடி, கீழ்த்தளத்துத் தூணுக்குப் பின்புறம், மழைநீர் கால்வாயின் ஓரம், பாட்டி துணி காயவைத்த மூங்கில் கழி நீட்டிய சன்னல் என எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே அங்கே கேட்ட ஒலியையும் அடித்த வாசனையையும் மட்டும் எழுதுங்கள். எந்த இடத்தைப் பற்றி எழுதும்போது கை நிற்காமல் ஓடுகிறதோ அங்கேதான் உங்கள் மாய உலகத்தின் கதவு இருக்கிறது.

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஆலன் கார்னர் செய்ததும் ஏறத்தாழ இதுதான். கொல்லராக இருந்த அவருடைய தாத்தா, அவர்கள் வாழ்ந்த ஆல்டர்லி எட்ஜ் குன்றுக்குள் ஓர் அரசனும் வீரர்களும் உறங்கிக் கிடப்பதாகச் சொல்லப்படும் உள்ளூர்க் கதையை அவருக்குச் சொல்லியிருந்தார். 1960இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் அந்தக் குன்றிலிருந்தே பிறந்தது. தாம் நடந்து பழகிய பாதைகளையும் சுரங்கங்களையும் அவற்றின் உண்மைப் பெயர்களோடு எழுதியதால், அவருடைய மாயம் வாசகனின் காலடியில் நடந்தது.

இந்த மண்ணின் கதைகள்

நம்மிடம் பழைய கதைகள் இல்லை, சிங்கப்பூர் புதிய ஊர் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்து வடிவம் பெற்ற 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூலில் ஒரு பகுதி இருக்கிறது. அதைப் படிக்கும் தமிழ் எழுத்தாளர் யாரும் நிமிர்ந்து உட்காருவார். இந்தியாவிலிருந்து பெரும்படையுடன் புறப்பட்ட ஓர் அரசன், சீனத்தை வெல்லப் போகும் வழியில் தெமாசெக்கில், அதாவது நம் தீவில், தங்குகிறான். அவனுடைய பெயர் சூரன் என்றும் சூலன் என்றும் பிரதிக்குப் பிரதி மாறுகிறது. செய்தி சீன அரசனுக்கு எட்டுகிறது. அவன் படையை அனுப்பவில்லை. பல் விழுந்த கிழவர்களை ஏற்றி, துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும் காய்த்துத் தொங்கும் மரங்களையும் வைத்து ஒரு கப்பலை அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது கிழவர்கள் சொல்கிறார்கள்: நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள்; இந்த மரங்களை அப்போது விதையாக ஊன்றினோம்; இந்த ஊசிகள் அப்போது கைத்தடிமன் இரும்புக் கம்பிகள், துருவேறித் தேய்ந்து இப்படி ஆகிவிட்டன. அரசன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் படையைத் திருப்பிவிடுகிறான்.

இந்தப் பகுதியை நான் ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பப் படிப்பேன், ஏனென்றால் மாயக்கதை எழுதுபவனுக்கு வேண்டிய முதல் பாடம் இதில் அப்படியே இருக்கிறது. "சீனம் மிக மிகத் தொலைவு, கற்பனைக்கும் எட்டாத தொலைவு" என்று அந்தக் கிழவர்கள் சொல்லவே இல்லை. ஊசி, மரம், பல்லில்லாத வாய் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய மூன்று பொருள்களைக் காட்டினார்கள். தூரத்தை அரசனே கண்டுகொண்டான். உங்கள் கதையில் 'அதிசயமான', 'விசித்திரமான', 'மர்மமான' என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஓர் ஊசியைத் தேடுங்கள். அதே அரசன் பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கி, அங்குள்ள இளவரசியை மணந்து, பறக்கும் குதிரையில் ஏறித் தரைக்கு வந்ததாகவும், சிங்கபுரத்தை நிறுவிய சாங் நீல உத்தமன் அவனுடைய வழியில் வந்தவன் என்றும் நூல் சொல்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னும் இருக்கின்றன. ரெட்ஹில் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயருக்குப் பின்னால், கடலிலிருந்து பாய்ந்து மக்களைக் குத்திய கூர்மூக்கு மீன்களை வாழைத்தண்டு வேலியில் சிக்கவைக்கச் சொன்ன சிறுவனின் கதை இருக்கிறது. அவனுடைய அறிவைக் கண்டு அஞ்சிய அரண்மனை அவனைக் கொன்றுவிட, அவன் இரத்தத்தால் குன்று சிவந்தது என்பார்கள். ஜொகூர்க் கரையை யார் முதலில் தொடுவது என்று பந்தயம் கட்டி, தோற்றுக் கல்லாகிப் போன தவளையும் பன்றியும் யானையுமே செகுடு தீவும் புலாவ் உபினும் ஆயின என்பது இன்னொரு கதை. கலிங்கத்து மல்லனோடு பலம் பார்த்த பாடாங் என்ற பலசாலி தூக்கியெறிந்த பாறை, சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த கல்வெட்டுப் பாறைதான் என்று கூறுவார்கள். அந்தப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்றைத் தேசிய அரும்பொருளகத்தில் காணலாம். அதிலுள்ள எழுத்துகளை இன்றுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை.

இக்கதைகளைத் திரும்பச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அவற்றில் உள்ள ஓர் இடைவெளிக்குள் நுழையுங்கள். தகர்க்கப்பட்ட பாறையின் மற்ற துண்டுகள் எங்கே போயின? அவற்றில் ஒன்று உங்கள் புளோக்கின் அடித்தளத்துக் கான்கிரீட்டில் கலந்திருந்தால்? வாழைத்தண்டுச் சிறுவனுக்கு ஒரு தங்கை இருந்திருந்தால்? அவனை ஏன் கொன்றார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பூசி மெழுகாமல் எதிர்கொள்ளும் கதையைத்தான் அவர்கள் மறக்காமல் வைத்திருப்பார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. குசு தீவில் சீனர் கோயிலும் மலாய்க்காரர் போற்றும் கெராமாட் எனும் புனித அடக்கத்தலங்களும் அருகருகே இருக்கின்றன; சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எதிர்வீட்டு மூதாட்டி தம் முன்னோருக்குப் படையல் வைக்கிறார். இவை வாழும் நம்பிக்கைகள். பக்கத்து வீட்டார் கும்பிடுவதை உங்கள் கதைக்கு அரக்கனாக்கிவிடாதீர்கள். அரக்கன் வேண்டுமானால் நீங்களே ஒன்றைப் படைத்துக்கொள்ளுங்கள்.

விதியும் விலையும்

மாயம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எதுவும் நடக்கலாம் என்றால் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்படாத பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். நம் மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அவன் தலை சுக்குநூறாகிவிடும். இரண்டே விதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட கதைகள் நிற்கின்றன. மணிமேகலையின் கையில் வந்த அமுதசுரபியும் அப்படித்தான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்தான், ஆனாலும் அதில் முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டியிருந்தது. அந்த ஒரு நிபந்தனைக்காகவே ஆதிரையின் கதை முழுவதும் அங்கே வருகிறது.

என் படிக்கட்டுக் கதையில் இதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். மின்தூக்கி நிற்காத மாடிகளின் இரவுகள் வேறு சிலருக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டேன். அவர்களுக்கு 'இடைமாடிக்காரர்கள்' என்று பெயரிட்டேன். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தால் புளோக்குகளில் எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்கத் தொடங்க, அவர்களுக்குத் தங்க இடமில்லாமல் போகிறது. விதி: படியேறி வருபவர் கண்ணுக்கு மட்டுமே அவர்கள் தெரிவார்கள். விலை: ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், பார்த்தவர் ஒரு பொருளின் பெயரை மறந்துவிடுவார். கயல் என்ற சிறுமி முதலில் 'கரண்டி' என்ற சொல்லை இழக்கிறாள். அடுத்து 'குடை'. மழையில் வாசலில் நின்றுகொண்டு, அம்மாவிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் கையை மேலே தூக்கிக் காட்டுகிறாள். முதல் வரைவில் இந்த இடத்தில் தாய்மொழியின் அருமை பற்றி அம்மா நீளமாகப் பேசுவதுபோல் எழுதியிருந்தேன். அதை முழுவதும் நீக்கிவிட்டேன். மழையும் தூக்கிய கையும் போதும்.

எழுதத் தொடங்குமுன் ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தம் புகழ்பெற்ற தீவுலகக் கதையை எழுதுவதற்கு முன் எல்லாத் தீவுகளையும் வரைந்து பெயரிட்டுவிட்டுத்தான் கதைக்குள் போனார். நமக்குப் பெரிய நிலப்பரப்பு தேவையில்லை. ஒரு புளோக்கின் பன்னிரண்டு மாடிகளை வரைந்து, எந்த வீட்டில் யார், எந்த மூலையில் இரவு விளக்கு எரியாது என்று குறித்துக்கொண்டால் அதுவே பாதிக் கதை.

எந்தத் தமிழில் எழுதுவது

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளை பள்ளியில் எழுத்துத் தமிழைப் படிக்கிறது; வீட்டில் பேச்சுத் தமிழையோ ஆங்கிலத்தையோ கேட்கிறது. கதைசொல்லியின் குரலை எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்களின் பேச்சைப் பேச்சுத் தமிழிலும் வைத்தால் பிள்ளைக்கு இரண்டும் அந்நியமாவதில்லை. என் கையெழுத்துப் படியில் முதலில் இருந்த வாக்கியம் இது: "அவ்விடத்தில் விசித்திரமானதோர் உருவம் அமர்ந்திருந்ததைக் கண்ட கயல் ஆச்சரியத்தில் உறைந்துபோனாள்." பிறகு இப்படி மாற்றினேன்:

ஏழாவது மாடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால்கள் தரையைத் தொடவில்லை. மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. மூட்டைக்குள் ஏதோ மூச்சு விட்டது.

"யாரு நீங்க?"

"இந்த மாடிக்காரங்க."

"இங்க ஃபர்ஹானா வீடுதானே இருக்கு?"

"அவங்க பகல்ல இருக்காங்க."

ஒரு வாக்கியத்தில் ஒரு செயல், கூட்டுச் சொற்களைப் பிரித்து எழுதுதல், நீண்ட பெயரடைகளைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் எட்டு, ஒன்பது வயது வாசகருக்குப் பெரிதும் உதவும். கடினமான சொல்லே கூடாது என்பதில்லை. ஓர் அத்தியாயத்தில் இரண்டு புதிய சொற்கள் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று முறை, மூன்று வேறு சூழல்களில் வரட்டும். மலாய், சீனப் பாத்திரங்கள் பேசும்போது, அவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு இயல்பான தமிழில் எழுதிச் செல்லுங்கள். அவர்களைக் கொச்சையாகப் பேச வைத்துச் சிரிப்பு மூட்ட வேண்டாம். அந்தப் பிள்ளையின் உயிர்த்தோழி அவர்களுள் ஒருத்தியாக இருப்பாள்.

எழுதும் வாழ்க்கை

நான் முழுநேர வேலை பார்ப்பவள். காலை ஐந்தேகால் முதல் ஆறு வரை என் நேரம். அதற்குப் பிறகு வீடு விழித்துவிடும். உட்லண்ட்சிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயிலில் புதிதாக எழுதுவதில்லை, காலையில் எழுதியதைக் கைப்பேசியில் படித்துத் திருத்துவேன். இங்கிலாந்து எழுத்தாளர் பிலிப் புல்மன் பல ஆண்டுகள் நாள்தோறும் கையால் மூன்று பக்கங்கள் எழுதினார். நமக்கு ஒரு பக்கம் போதும், ஆனால் எழுதும் நேரம் மாறக் கூடாது. சனிக்கிழமைகளில் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ப் பழைய நிழற்படங்களையும் தமிழ்ச் சிறுவர் நூல்களையும் பார்ப்பேன். நான் பார்த்திராத காலத்துச் சந்தையையும் கம்பம் எனப்பட்ட கிராமத்தையும் எழுத அந்தப் படங்கள் இல்லாமல் முடியாது. கதை ஓடாத நாளில் பூங்காவுக்குப் போங்கள். பீஷானில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாயில் மீனுடன் நடைபாதையைக் கடக்க, மிதிவண்டிக்காரர்கள் எல்லாரும் நின்று வழிவிடுவதைப் பார்த்துவிட்டு வந்தால், பக்கம் தானாக நிரம்பும்.

வரைவு முடிந்ததும் ஒரு பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் மரியாதைக்காகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பதிலாக, கண்கள் தாளைவிட்டு விலகும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். நான் என் கதையை உறவுக்காரச் சிறுவன் ஒருவனுக்குப் படித்தபோது ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். "அத்தை, கயல் லிஃப்ட்லதானே வந்தா? அப்புறம் எப்படி அவங்களப் பார்த்தா?" எட்டு மாதம் எழுதிய கதையில் நான் வகுத்த விதியை நானே மீறியிருந்தேன். அந்த அத்தியாயத்தை மறுபடி எழுத ஆறு வாரம் பிடித்தது. இப்போது அதில் மின்தூக்கி பழுதாகிறது, கயல் காலில் கட்டுடன் படியேறுகிறாள், கதையின் மிக நல்ல பகுதி அதுதான்.

கைப்பிரதியை அனுப்பும் முன்

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் நடத்தும் கதைக்களத்துக்குச் சென்று, கதைகளை மற்றவர்கள் எப்படி அலசுகிறார்கள் என்று கேளுங்கள். படங்களுக்கு ஓவியரை முன்கூட்டியே பிடியுங்கள். புளோக்கின் படிக்கட்டுக் கைப்பிடியை அவர் நேரில் பார்த்து வரைவது அவசியம். அச்சுக்குத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், கைப்பிரதியோடு ஒரு சொற்பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். என் முதல் நூலில் மெய்ப்புப் பார்த்தவர் 'சம்பல்' வந்த இடத்திலெல்லாம் அதைப் பிழை என்று கருதிச் 'சாம்பார்' ஆக்கிவிட்டார். அச்சேறும் முன் நான் கவனித்திராவிட்டால் அந்த மலாய் வீட்டு அடுப்பே மாறிப்போயிருக்கும். நூல் வெளிவந்ததும் இரண்டு பிரதிகளைச் சட்டப்படி தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது பிரதியை நான் அந்தச் சிறுவனிடம் கொடுத்தேன். அவன் அட்டையைக்கூடப் பார்க்காமல் நேராக ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்தான்.